ஆன்சிபிள் பிளேபுக்: எடிட்டரில் எந்தச் சோதனையை நம்பலாம்?

ஆன்சிபிள் என்பது சர்வர்களைத் தானாக அமைத்துத் தரும் கருவி; என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லும், யாம்ல் (YAML) வடிவில் எழுதிய ஃபைல்தான் பிளேபுக். அதில் உள்ள பிழை சர்வரில் போய் வெடிக்கக் கூடாது; எழுதும்போதே எடிட்டரில் சிவப்புக் கோடாகத் தெரிந்துவிட வேண்டும். இதற்குப் புழக்கத்தில் இருப்பவை மூன்று: யாம்ல்லின்ட், ஆன்சிபிளோடு கூடவே வரும் சின்டாக்ஸ்-செக், ஆன்சிபிள்-லின்ட். ஃபைலை காப்பி செய்யும் ஒரு டாஸ்க்கை எடுத்து, மூன்று பிழைகளைத் தனித்தனியாக வைத்துப் பாருங்கள்: ஒரே டாஸ்க்கில் 'வென்' (எப்போது ஓட வேண்டும் என்ற நிபந்தனை) இரண்டு முறை, ஃபைல் போய்ச் சேரும் இடத்தைச் சொல்லும் பாராமீட்டரின் பெயரில் ஓர் எழுத்து குறைவு, ஃபைலின் அனுமதியைச் சொல்லும் 'மோட்: 644'.

மூன்றாவதுதான் ஆபத்தானது. மேற்கோள் குறியும் முன்னால் பூஜ்யமும் இல்லாத 644-ஐ ஆன்சிபிள் சாதாரணப் பத்தடிமான எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். ஃபைல் அனுமதிகளை எழுதும் எட்டடிமான முறையில் (8-ஐ அடியாகக் கொண்டது) அது 1204. அதாவது ஃபைலின் உரிமையாளருக்கு எழுத மட்டும் அனுமதி, படிக்க இல்லை. சம்பந்தமில்லாத மற்றவர்களோ படிக்கலாம்! '0644' என்று மேற்கோளுக்குள் எழுதுவதே சரி.

யாம்ல்லின்ட் படுவேகம், எழுத எழுதவே ஓடவிடலாம். இரட்டை 'வென்'னைப் பிடித்துவிடும். மற்ற இரண்டும் அதற்குத் தெரியாது. அது பார்ப்பது யாம்லின் இலக்கணத்தையும் எழுதும் பாணியையும் மட்டுமே.

சின்டாக்ஸ்-செக், இல்லாத ஒரு மாட்யூலை (டாஸ்க்கின் வேலையைச் செய்யும் நிரல்) அழைத்தால் நிறுத்தும். ஆனால் மாட்யூலுக்குத் தரும் பாராமீட்டர்களைச் சரிபார்க்காது. இரட்டை 'வென்'னுக்கு வழக்கமாக ஓர் எச்சரிக்கையோடு சரி, கடைசியில் எழுதியதை எடுத்துக்கொண்டு போய்விடும். 'இன்க்ளூட்_டாஸ்க்ஸ்' வழியாக ஓட்டத்தின்போது சேரும் ஃபைல்களையும் அது திறப்பதில்லை. இதை மட்டும் நம்பி மெர்ஜ் செய்யும் டீம்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

ஆன்சிபிள்-லின்ட் மூன்றையும் பிடிக்கும். சின்டாக்ஸ்-செக்கையும் தானே உள்ளே ஓட்டிக்கொள்ளும். குறை, வேகம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓட்ட முடியாது, சேவ் செய்யும்போது ஓட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். பழைய ரெப்போவில் எச்சரிக்கைகள் குவியும் என்பதால் பலர் மிகக் குறைந்த விதிகள் கொண்ட 'மின்' புரொஃபைலோடு (விதித் தொகுப்பு) நின்றுவிடுகிறார்கள். 644 பிழைக்கான விதி 'சேஃப்டி' புரொஃபைலில்தான் சேர்கிறது, அதுவரையாவது ஏறிவிடுங்கள்.

என் தேர்வு: எழுதும்போது யாம்ல்லின்ட், சேவ் செய்யும்போது ஆன்சிபிள்-லின்ட். விஎஸ் கோடில் ரெட் ஹாட்டின் ஆன்சிபிள் எக்ஸ்டென்ஷன் இரண்டாவது வேலையைச் செய்துவிடும். அதில் லின்டை அணைத்தால் சின்டாக்ஸ்-செக்குக்கு இறங்கிவிடும். விம் எடிட்டரில் ஏல் (ALE) பிளகின் போதும். எதுவானாலும் ஃபைல் வகையைப் பாருங்கள்: எடிட்டர் அதை வெறும் 'யாம்ல்' என்று அடையாளம் கண்டிருந்தால் ஆன்சிபிள் சோதனை தொடங்கவே தொடங்காது. விஎஸ் கோடின் கீழ்ப்பட்டையில் வலதுபுறம் 'ஆன்சிபிள்' என்று இருக்க வேண்டும்.