டயர், வீல் பாதுகாப்புத் திட்டம்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் புதிய கார் எடுக்க இருப்பவர்களும் காரின் இன்சூரன்சைப் புதுப்பிக்க இருப்பவர்களும், ‘டயர், வீல் இன்சூரன்ஸ்’ என்று சொல்லி ஷோரூமில் நீட்டப்படும் தாளில் கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அந்தப் பெயரில் விற்கப்பட்டது இன்சூரன்சே அல்ல. வாய்வார்த்தையாகச் சொல்லப்பட்ட பலனில் பாதிகூட அதன் விதிகளில் இல்லை. டயர் போன பிறகுதான் இந்த இரண்டும் வெளியே வந்தன.

கோவையில் ஒரு ஷோரூமில் கார் எடுத்தபோது, கடைசிக் கணக்குத் தாளில் ‘டயர், வீல் பாதுகாப்பு, 3 ஆண்டு’ என்று 8,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 9,440 ரூபாய் எழுதியிருந்தார்கள். இது எதற்கு என்று உடன் வந்திருந்த என் மைத்துனர் கேட்டார். “நம்மூரு ரோட்டுக்கு இது இல்லாம முடியாதுங்க. டயர் வெடிச்சாலுஞ் சரி, வீல் வளைஞ்சாலுஞ் சரி, புதுசு மாத்திக் குடுத்துருவமுங்க. இதுவும் இன்சூரன்ஸ்தானுங்க” என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். விதிகள் அடங்கிய முழுத் தாளைக் கேட்டோம். மின்னஞ்சலில் வந்துவிடும் என்றார். வந்தது ஒரே பக்கச் சான்றிதழ். மீண்டும் எழுதிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில், பல்லடத்திலிருந்து காங்கயம் செல்லும் 81ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தண்ணீர் நிறைந்து வெளியே தெரியாமல் கிடந்த பள்ளத்தில் முன்பக்க இடது சக்கரம் இறங்கி ஏறியது. காற்று இறங்கவில்லை, ஆனால் டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம் எழுந்திருந்தது, அலாய் வீலின் விளிம்பும் உட்பக்கமாக வளைந்திருந்தது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அருகிலிருந்த பஞ்சர் கடைக்குப் போனேன். “இதுல பஞ்சர் ஒட்ட ஒண்ணுமில்லீங்ண்ணா, உள்ள நூலு அறுந்துபோச்சுங்க. இத மாட்டிட்டுப் பைபாஸ்ல போகாதீங்க” என்று கடைக்காரர் சொன்னது முற்றிலும் சரி. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயரின் பக்கச்சுவர் நசுங்கும்போது அதற்குள் ஓடும் நூல் அடுக்கு அறுந்துவிடுகிறது. அதன்பின் அந்த இடத்தில் காற்றழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது வெறும் ரப்பர் மட்டுமே. அப்படி வீங்கிய டயரை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஷோரூமுக்குப் படங்களை அனுப்பினேன். வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, டயரின் பட்டன் ஆழத்தை, அதாவது தரையைத் தொடும் பரப்பில் உள்ள வரிப்பள்ளங்களின் ஆழத்தை, அளந்து, 4.6 மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டார்கள். அதுவரை என் கண்ணில் காட்டப்படாத விதித் தாள் அன்றுதான் மேசைக்கு வந்தது. அதன்படி பட்டன் 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் டயரின் முழு விலையும், 5 முதல் 7 வரை இருந்தால் 75 சதவீதமும், 3 முதல் 5 வரை இருந்தால் 50 சதவீதமும் கிடைக்கும்; 3க்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது. வீலைப் பொறுத்தவரை, காற்றுப் பிடிக்க முடியாத அளவுக்கு விரிசல் விட்டால் மட்டுமே மாற்றித் தருவார்கள். வளைவு என்பது சரிசெய்யக்கூடிய சேதம் என்பதால் அதற்கு மாற்று வீலும் இல்லை, சரிசெய்யும் கூலியும் இல்லை. வால்வு, பேலன்சிங், மாட்டும் கூலி எல்லாம் நம் தலையில்தான். டயர் விலை 8,600 ரூபாய், வளைவு எடுக்கப் பட்டறையில் 2,000 ரூபாய், மாட்டும் வேலைகளுக்கு 600 ரூபாய் என மொத்தம் 11,200 ரூபாய் செலவானதில், திட்டத்தின் மூலம் வந்தது 4,300 ரூபாய். வளைந்தாலும் புதியது மாற்றித் தருவோம் என்று சொன்ன அதே விற்பனையாளர் பக்கத்து மேசையில்தான் இருந்தார். அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்றார்.

தொகை குறைந்ததைவிட என்னை அதிகம் வருத்தியது அடுத்ததுதான். இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று பாலிசியை எடுத்துப் பார்த்தால், அதில் டயர் பற்றி ஒரு வரிகூட இல்லை. சான்றிதழை வழங்கியது வெளிமாநிலத்தைச் சேர்ந்த ஒரு சேவை நிறுவனம். விற்றுக் கொடுத்தது ஷோரூம். இது இரண்டு தனியார்களுக்கு இடையிலான சேவை ஒப்பந்தம் மட்டுமே என்பதால், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் கட்டுப்பாட்டுக்குள் இது வராது. இன்சூரன்ஸ் என்று வாயால் சொல்லி, தாளில் அந்தச் சொல்லை எங்குமே எழுதாமல் விற்றிருக்கிறார்கள். இதை மோசடி என்றுதான் சொல்வேன்.

ஆகவே, இந்தக் காப்பு தேவையா இல்லையா என்று கணக்குப் போடுவதற்கு முன்பே, கையில் தரப்படுவது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்-ஆன் என்பது கார் பாலிசியோடு தனிப் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் காப்பு. உண்மையான ஆட்-ஆன் என்றால் அதன் பெயரும் அதற்கான பிரீமியமும் கார் பாலிசியின் அட்டவணையிலேயே அச்சாகியிருக்கும். ஒவ்வொரு ஆட்-ஆனுக்கும் யுஐஎன் என்ற தனி அடையாள எண்ணும் உண்டு. ‘இந்த எண்ணைக் காட்டுங்கள்’ என்று கேட்ட உடனேயே பேச்சு மாறினால், அது இன்சூரன்ஸ் அல்ல என்று முடிவுசெய்துவிடலாம். ஷோரூம் சொல்லும் இடத்தில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் எவருக்கும் கிடையாது.

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் முழுக் காப்பு பாலிசி என்ன தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளத்தில் இறங்கி டயர் மட்டும் சேதமானால் அது ஒன்றும் தராது. அதே விபத்தில் காரின் மற்ற பகுதியும் சேதமடைந்திருந்தால்தான் டயர் விலையில் பாதி வரை கிடைக்கும். பம்பர் டு பம்பர் என்று சொல்லப்படும், பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத காப்பு எடுத்திருந்தாலும் பெரும்பாலான பாலிசிகளில் டயர் அதில் சேராது. அலாய் வீல் உலோகப் பாகம் என்பதால் காரின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்துக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் 1,500 சிசி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாயும் கட்டாயமாகப் பிடிக்கப்படும். போதாததற்கு, ஐந்து ஆண்டுகள் கோரிக்கை இல்லாமல் ஓட்டிச் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி இந்த ஒரு வீலுக்காகப் போய்விடும். எனவே டயருக்கும் வீலுக்கும் தனிக் காப்பு என்பது அர்த்தமில்லாத ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. சாதாரண பாலிசியில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

அந்த இடத்தை ஆட்-ஆன் எவ்வளவு நிரப்புகிறது என்பதுதான் கேள்வி. உண்மையான இன்சூரன்ஸ் நிறுவனங்களின் டயர் காப்பிலும் பலவற்றில் பட்டன் ஆழத்தைப் பொறுத்தே தொகை குறைகிறது; அளவுகள் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இதன் விளைவை விற்பவர்கள் சொல்வதே இல்லை. புதிய கார் டயரின் பட்டன் சுமார் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரோடு காரைச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி கூடாது. டயர் 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்றால், 20,000 கிலோமீட்டரிலேயே அது 4.8 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். எனக்குக் காட்டிய அட்டவணையை வைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் காப்பு ஏற்கெனவே பாதியாகிவிட்டது. 32,000 கிலோமீட்டரை நெருங்கும்போது ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். திருப்பூருக்கும் கோவைக்கும் தினமும் வேலைக்குப் போய்வருபவர் இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். அவரிடம் மூன்று ஆண்டுத் திட்டத்தை விற்பது, மூன்றாம் ஆண்டுக்கு எதுவும் தராமல் பணம் வாங்குவதற்குச் சமம். பஞ்சர், தேய்மானம், தயாரிப்புக் குறை, டயர் மட்டும் திருடுபோவது ஆகியவை பொதுவாக எந்த ஆண்டிலும் சேராது. காற்று இறங்கிய டயரை உருட்டிக்கொண்டே போனதால் வந்த சேதம் என்று ஆய்வாளர் எழுதிவிட்டாலும் கோரிக்கை நின்றுவிடும். ஆகவே வண்டியை நிறுத்திய இடத்திலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது பயன்படும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். டயரின் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 215/60 ஆர்16 என்றால் பக்கச்சுவரின் உயரம் 215இல் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர். 215/45 ஆர்17 என்றால் அது வெறும் 97 மில்லிமீட்டர். சுவர் குட்டையாக ஆக, பள்ளத்தின் அடி நேராக வீலுக்குப் போகும். அப்படிப்பட்ட டயரும் விலையுயர்ந்த அலாயும் உள்ள காரைப் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டிப் போட்ட தெருக்களில் தினமும் ஓட்டுபவர்கள், டயர் புதிதாக இருக்கும் முதல் ஆண்டுக்கு மட்டும், பதிவுபெற்ற இன்சூரன்ஸ் நிறுவனத்திடம், ரிம்மும் சேர்ந்த காப்பாகக் கேட்டு வாங்கினால் அதில் பொருள் உண்டு. 14, 15 அங்குல இரும்பு வீலும் உயரமான டயரும் உள்ள சிறிய கார்களுக்கு அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைப்பதே மேல் என்பது என் முடிவு. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டயர் மாற்றும்போது, சாலையில் ஏற்படும் வெட்டும் வீக்கமும் சேர்ந்த உத்தரவாதம் உண்டா என்று டயர் கடையில் கேளுங்கள். சில நிறுவனங்கள் அதைத் தனிக் கட்டணமின்றியே தருகின்றன, பில்லோடு பதிவுசெய்துகொண்டால் போதும். காற்றழுத்தம் குறைந்த டயர்தான் பள்ளத்தில் எளிதில் நசுங்கும் என்பதால், ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்றைச் சரிபார்ப்பதும் அவசியம்.

ஏற்கெனவே ஏமாற்றப்பட்டவர்களுக்கு வழி இருக்கிறது. பாலிசியில் அச்சான உண்மையான ஆட்-ஆன் என்றால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமோ வழக்கறிஞரோ இல்லாமல் முறையிடலாம். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவுசெய்யலாம். எனக்கு விற்றதைப் போன்ற சேவை ஒப்பந்தம் என்றால் இந்தக் கதவுகள் திறக்காது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும்தான் வழி. ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சனை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

1915இல் புகார் பதிவான பிறகு, மீதமுள்ள காலத்துக்கான தொகையைத் திருப்பித் தருகிறோம் என்று ஷோரூமிலிருந்து அழைத்தார்கள். இன்சூரன்ஸ் என்று பொய் சொல்லி விற்ற முழுத் தொகையும் வேண்டும் என்று பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். பதில் வராவிட்டால் கோவை ஆணையத்தில் மனு கொடுக்க ஆவணங்கள் தயாராக உள்ளன. இதே போன்ற ஒரு பக்கச் சான்றிதழ் உங்கள் வீட்டிலும் இருந்தால், அதை வழங்கியவர் பெயரையும் பில்லில் அது எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள். விதிகளின் முழுப் பிரதியை மின்னஞ்சலில் கேட்டு, அந்தப் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.