கிராண்ட்ஷாம்பா, டார்ம்ஸ்டாட்டா?

புராட்டஸ்டன்ட் பெண்ணுக்கும் துறவற வாழ்வு உண்டு என்று தெரிந்ததும் அடுத்து வரும் கேள்வி, எந்த இல்லம்? இரண்டு சகோதரிகள் இல்லங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்: கிராண்ட்ஷாம்ப், டார்ம்ஸ்டாட்டின் மரியாள் சகோதரிகள்.

இடம்:
கிராண்ட்ஷாம்ப் சுவிட்சர்லாந்தில், நொயெஷாத்தெல் ஏரிக்கு அருகில். முன்பு துணியில் அச்சிடும் ஆலை இருந்த இடம்.
மரியாள் சகோதரிகளின் இல்லம் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில்.

மொழி:
கிராண்ட்ஷாம்பில் பெரும்பாலும் பிரெஞ்சு. டார்ம்ஸ்டாட்டில் ஜெர்மன்.

அன்றாடம்:
கிராண்ட்ஷாம்பில் தேஸே சமூகத்தின் (பிரான்சில் பல சபையினர் சேர்ந்து வாழும் துறவறச் சமூகம்) ஒழுங்குவிதி, தினம் நான்கு வேளை ஜெபம், நடுவே நிறைய மௌனம். திருமணமில்லா வாழ்வும் பொதுச் சொத்தும் ஆயுள் முழுவதற்குமான உறுதிமொழி.
டார்ம்ஸ்டாட்டின் உயிர்நாடி மனந்திரும்புதல். 1944 குண்டுவீச்சில் அந்த நகரம் எரிந்தது. 1947-இல் பசிலியா ஷ்லிங்கும் மார்டிரியா மதாவுசும் சமூகத்தைத் தொடங்கினார்கள். யூதர்களுக்குத் தங்கள் நாடு இழைத்த கொடுமைக்காக வருந்தி ஜெபிப்பது இன்றும் அவர்களுடைய அழைப்பு. சிற்றாலயத்தைச் சகோதரிகளே கைப்படக் கட்டினார்கள். என்னை உலுக்கிய செய்தி இதுதான்.

சரி, யாருக்கு எது? மௌனம் வேண்டும், பல சபையினரோடு சேர்ந்து வாழ வேண்டும் என்றால் கிராண்ட்ஷாம்ப். வரலாற்றின் காயத்துக்காக அழுது மன்றாடும் பாரம் இருந்தால் டார்ம்ஸ்டாட். எதுவானாலும் முதலில் சில நாள் விருந்தினராகத் தங்கிப் பாருங்கள்.