குட்டைக் காதா, தொங்கு காதா?

வீட்டுக்குள் வளர்க்கக் குள்ள முயல் தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு இனங்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். ஒன்று நெதர்லாண்ட் டுவார்ஃப்: உருண்டைத் தலை, ஐந்து சென்டிமீட்டர் அளவில் நிமிர்ந்த காது, வளர்ந்த பிறகும் குட்டி போலவே இருக்கும் முகம். மற்றது ஹாலண்ட் லாப்: அதே உருண்டைத் தலைதான், ஆனால் காது இரண்டும் கன்னத்தோடு தொங்கும். அமெரிக்கக் கண்காட்சி விதிப்படி முதலாவது சுமார் 1.13 கிலோவைத் தாண்டக் கூடாது, இரண்டாவது 1.8 கிலோ வரை போகலாம்.

போட்டி போட்டாலும் இரண்டும் ஒரே குடும்பம்தான். ஹாலண்ட் லாப் இனத்தை உருவாக்கியவர் நெதர்லாந்தின் டில்பர்க் ஊரைச் சேர்ந்த அட்ரியன் டி காக். 1949இல் அவர் பெரிய உடம்பும் தொங்கு காதும் உள்ள பிரெஞ்ச் லாப் கிடாவை டுவார்ஃப் பெட்டையோடு சேர்த்தார். குட்டிகள் பெரிதாகிப்போய், தாயும் பிழைக்கவில்லை, குட்டிகளும் பிழைக்கவில்லை. அப்புறம் 1951இல் பெட்டையைப் பெரிதாகவும் கிடாவைச் சிறிதாகவும் மாற்றிச் சேர்த்தார். ஆறு குட்டிகள் பிறந்தன. ஆறுக்கும் நிமிர்ந்த காது! தொங்கு காதுக் குணம் அந்தக் குட்டிகளுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. அதை வெளியே கொண்டுவர, காது நீளமாகத் தொங்கும் இங்கிலீஷ் லாப் முயலையும் கலந்து, வருடக்கணக்கில் பொறுக்கியெடுத்து, 1964இல்தான் நெதர்லாந்தில் அங்கீகாரம் வாங்கினார்.

அந்தக் கலப்பில் டுவார்ஃபின் குள்ள மரபணுவும் லாப்புக்கு வந்து சேர்ந்தது. இனப்பெருக்கத்தில் இறங்க நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். எச்எம்ஜிஏ2 என்ற மரபணுவின் ஒரு பகுதி விடுபட்டுப்போனதுதான் குள்ளத்துக்குக் காரணம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் குறை வந்தால் குட்டி அழகான குள்ளம். இருவரிடமிருந்தும் வந்தால் அது மிகச் சிறியதாக, தலை புடைத்து, பின்பக்கம் சூம்பிப் பிறந்து, பெரும்பாலும் சில நாள்களிலேயே செத்துப்போகும். வளர்ப்பவர்கள் இதை 'பீனட்' (வேர்க்கடலை) என்கிறார்கள். குள்ளத்தையும் குள்ளத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு இந்த ஆபத்து உண்டு. டுவார்ஃப் பெட்டை ஓர் ஈற்றுக்குப் போடுவதே இரண்டு முதல் நாலு குட்டி. அதில் ஒன்று போனாலும் பெரிய இழப்புதான்.

இதற்கு வழி இருக்கிறது. அதே இனத்தில் குள்ள மரபணு இல்லாமல் பிறக்கும் குட்டிகளும் உண்டு. காது நீண்டு, முகம் நீண்டு, எடையும் கொஞ்சம் கூடும். கண்காட்சியில் இவற்றுக்கு மதிப்பில்லை. ஆனால் இப்படிப்பட்ட பெட்டையைக் குள்ளக் கிடாவோடு சேர்த்தால் பீனட் பிறக்காது. சராசரியாகப் பாதிக் குட்டிகள் குள்ளமாகவே வரும். உடம்பு பெரிது என்பதால் ஈனுவதும் சுலபம். பெட்டையைத்தான் கிடாவின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தன் கூண்டுக்குள் இன்னொன்று வந்தால் பெட்டை சண்டை பிடிக்கும். சினைக்காலம் சுமார் 31 நாள். தாய் நாளைக்கு ஓரிரு முறை, சில நிமிடம் மட்டுமே பால் கொடுக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

குணத்தில் லாப் கொஞ்சம் சாந்தம். டுவார்ஃப் துறுதுறு, சட்டென மிரளும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு லாப்தான் தேவலாம். ஆனால் அந்தத் தொங்கு காது பார்க்கத்தான் அழகு. இங்கிலாந்தில் காப்பகத்து முயல்களை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தொங்கு காது முயல்களுக்குக் காதுத் துளை சுருங்கியிருப்பதும் காதில் வலி இருப்பதும் அதிகம் தெரிந்தது. பல் சிக்கல் இரண்டுக்குமே வரலாம், ஏனென்றால் இரண்டுக்கும் குட்டை முகம். தாடை சரியாகப் பொருந்தாவிட்டால் பல் தேயாமல் வளர்ந்துகொண்டே போகும். எந்த இனமானாலும் சாப்பாட்டில் பெரும்பங்கு காய்ந்த புல்லாக இருக்கட்டும். வெயிலையும் இரண்டும் தாங்காது, 30 டிகிரியை நெருங்கினாலே திணறும்.

என்னைக் கேட்டால், இனம் பெருக்கும் எண்ணம் இல்லாதவர் டுவார்ஃபில் கண்காட்சிக்காரர் ஒதுக்கும் அந்த 'பெரிய' குட்டியையே வாங்கலாம். நிமிர்ந்த காது, சற்று நீண்ட முகம், அப்போதும் கைக்கு அடங்கும் அளவுதான். விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். லாப்தான் வேண்டும் என்பவர் எட்டு வாரமாவது ஆன குட்டியைப் பாருங்கள். பிறக்கும்போது அதற்கும் காது தொங்காது. சில வாரம் கழித்துத்தான் விழத் தொடங்கும். தாய், தந்தையின் எடையைக் கேளுங்கள், வாயைத் திறந்து முன்பல்லைக் காட்டச் சொல்லுங்கள், காதைத் தூக்கி உள்ளே அழுக்கோ நாற்றமோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.