ஆர்வி-9ஏ: கட்டி முடித்ததும், அதன் பிறகு வந்த வருடங்களும்

கிட் விமானம், அதாவது பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டும் விமானம், கட்டியவர்கள் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் கட்டிய கதைதான். வால் பகுதியில் தொடங்கி, இறக்கை, உடற்பகுதி என்று போய், முதல் பறப்போடு நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்த விமானம் என்ன ஆனது, வருடா வருடம் திறந்து பார்த்தால் உள்ளே என்ன தெரிகிறது என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு அதுதான் அதிகம் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

என்னுடையது வேன்ஸ் என்ற கிட் நிறுவனத்தின் ஆர்வி-9ஏ. இருவர் அருகருகே உட்காரும், முழுக்க அலுமினியத்தால் ஆன, மூக்குச் சக்கரம் வைத்த விமானம். என்ஜின் 160 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் ஓ-320, ப்ரொப்பெல்லர் நிலையான பிட்ச், அதாவது அலகின் கோணம் மாறாதது. நீளமான அந்த இறக்கையின் வெட்டு வடிவம் காற்றியக்க வல்லுநர் ஜான் ரான்ஸ் வகுத்தது. குறைந்த வேகத்தில் பதறாமல் இறங்கும். ஓட்டுவதற்கு எவ்வளவு இனிமை என்று இதைப் பற்றி வந்திருக்கும் புகழ்ச்சியெல்லாம் உண்மை. அதில் நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது வேறு. பராமரிப்பு சுலபமா, சிரமமா என்பது பறக்க ஆரம்பித்த பிறகு தீர்மானமாவதில்லை. கட்டுமானத்தின் கடைசிக் கட்டத்திலேயே, பொறுமை குறைந்து 'எப்போது பறப்போம்' என்று மனம் அலைகிற அந்த மாதங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. 'தொண்ணூறு சதவீதம் முடிந்தது, இன்னும் தொண்ணூறு சதவீதம் பாக்கி' என்று கட்டுகிறவர்கள் சொல்வார்கள். அந்த இரண்டாவது தொண்ணூறில்தான் எல்லாம் இருக்கிறது.

இருக்கைகளை மூடும் அக்ரிலிக் கண்ணாடியான கானபியைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். அக்ரிலிக்கைக் குளிர்ந்த அறையில் வெட்டினால் விரிசல் ஓடிவிடும் என்பது உண்மைதான். அறையை நன்றாகச் சூடாக வைத்துக்கொண்டு, அக்ரிலிக்குக்கான துளைமுனையால் அவசரமில்லாமல் துளையிட்டால் போதும். அக்ரிலிக் அலுமினியத்தைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விரிந்து சுருங்கும். அதனால் துளை ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், ஸ்க்ரூவை இறுக்கிக் கட்டவும் கூடாது. இதைக் கடைப்பிடித்தால் கானபி பல வருடங்கள் தொல்லையே தராது. ஃபைபர்கிளாஸ் முனைகளையும், என்ஜினை மூடும் கவுலிங்கையும் தேய்ப்பது நீளமான, அலுப்பான வேலை. அதைத் தவிர அதில் சொல்ல எதுவும் இல்லை.

ஃபயர்வாலுக்கு (என்ஜினையும் விமானியின் அறையையும் பிரிக்கும் தடுப்பு) முன்னால் இருக்கும் பகுதி அப்படியல்ல. வரைபடங்கள் அங்கே வரும்போது மெலிந்துவிடும். எந்த ஹோஸ் எந்த வழியாகப் போக வேண்டும், எந்த வயரை எங்கே கட்ட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நீங்களேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். என்ஜின் அதிர்கிறது, சூடாகிறது, அதன் ரப்பர் தாங்கிகளின் மேல் அசைகிறது. நின்றுகொண்டிருக்கும்போது ஒரு விரல் இடைவெளி இருந்த இரண்டு பொருள்கள் ஓடும்போது தொட்டுக்கொள்ளும்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். என்ஜினைத் தாங்கும் எஃகுக் குழாயில் வயரைப் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டிவிடுவது சுலபம், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த டைக்கு அடியில் மெல்லிய தூசி சேர்ந்துகொள்ளும். அதிர்வில் அது அரம் போல உரசி, முதலில் பெயிண்டை, பிறகு எஃகையே அரிக்கும். ரப்பர் உறை வைத்த உலோகக் கிளாம்ப் போட்டால் நேரம் கூடும், எடையும் கொஞ்சம் கூடும். ஆனாலும் அதைத்தான் போட வேண்டும். அதே மாதிரி, நைலான் வளையம் வைத்த லாக் நட்டை எக்ஸாஸ்ட்டுக்கு அருகே போடக் கூடாது. 120 டிகிரி செல்சியஸ் வாக்கில் நைலான் தன் பிடியை இழந்துவிடும். அங்கே முழு உலோக லாக் நட்டுதான் போட வேண்டும். குறித்த விசைக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு வண்ணக் கோடு இழுத்துவிடுவது வழக்கம். நட்டு இம்மி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இன்றைக்கும் கவுலிங்கைத் திறந்தால் ஒரு டார்ச்சோடு அந்தக் கோடுகளைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அப்புறம், கை போகிற இடம். ஆயில் ஃபில்டர் என்ஜினின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதைக் கழற்றும்போது ஒழுகும் ஆயிலைப் பிடிக்க ஒரு தகரத்தையாவது நுழைக்க இடம் வேண்டும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை 500 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். அதன் போல்ட்டில் ஸ்பானர் திரும்ப இடம் வேண்டும். கருவிப் பலகைக்குப் பின்னால் ஒவ்வொரு வயர்க்கட்டிலும் கொஞ்சம் கூடுதல் நீளம் விட்டிருந்தால், கருவியை முன்பக்கமாக இழுத்து மடியில் வைத்தே கழற்றலாம். விடவில்லையென்றால் கருவிப் பலகைக்குக் கீழே தலைகீழாகப் படுத்து வேலை பார்க்க வேண்டும். இரண்டு விமானங்கள் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்றில் வருடாந்திரச் சோதனை வார இறுதியில் முடியும், இன்னொன்றில் மாதக் கணக்கில் இழுக்கும். வித்தியாசம் இங்கேதான்.

குளிர்விப்புக்கு நான் கொடுத்த நேரம் முழுக்கத் திரும்பக் கிடைத்தது. இந்த என்ஜின் காற்றால் குளிர்வது. கவுலிங்கின் முன்வாயில் நுழையும் காற்று சிலிண்டர்களுக்கு மேலே தேங்கி, அவற்றின் உலோகத் துடுப்புகளுக்கு இடையே புகுந்துதான் கீழே போக வேண்டும். அதற்காகச் சுற்றிலும் அலுமினியத் தகடு, தகட்டின் விளிம்பில் சிலிக்கோன் ரப்பர் பட்டை. பட்டை காற்று வரும் பக்கமாக வளைந்திருந்தால் காற்றழுத்தமே அதைக் கவுலிங்கோடு அழுத்திக்கொள்ளும். எதிர்ப்பக்கம் மடங்கிவிட்டால் காற்று அந்த வழியாக நழுவிவிடும், சிலிண்டர் வெந்துபோகும். சில மணி நேரம் பறந்த பிறகு மேல் கவுலிங்கைக் கவிழ்த்துப் பாருங்கள். பட்டை உரசிய இடத்தில் கருப்புத் தடம் பதிந்திருக்கும். தடம் தொடர்ச்சியாக இருந்தால் சரி. எங்கே விட்டுப்போயிருக்கிறதோ அங்கே காற்று ஒழுகுகிறது. சிலிண்டர் தலை வெப்பத்துக்கு லைகமிங் விதிக்கும் உச்சவரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட். ஆனால் என்ஜின் நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் நிதானமான நெடும்பறப்பில் 400-ஐத் தாண்டாமல் வைத்திருப்பதே நல்லது. அந்தத் தடத்தைப் பார்த்துப் பார்த்துப் பட்டையைச் சரிசெய்ததில்தான் நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன. பட்டை காலப்போக்கில் விறைத்துவிடும், மாற்ற வேண்டும். தகட்டின் மூலைகளில் சிறு விரிசல் வரும், அதன் முனையில் துளையிட்டு நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் அதன் பராமரிப்பு.

பெயிண்ட் அடிக்காமலே முதலில் பறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆரம்ப நாட்களில் சக்கர மூடியைச் சரிசெய்வோம், கவுலிங்கை அறுப்போம், ஒரு பக்கம் சாய்கிறதென்றால் அய்லிரானின் (இறக்கையின் பின்னால் அசையும் பலகை) பின்விளிம்பை லேசாக அழுத்தித் திருத்துவோம். புது பெயிண்டில் இதையெல்லாம் செய்ய மனசு வராது. இரு இருக்கை விமானத்தில் பெயிண்ட் மட்டுமே எட்டு, பத்து கிலோ சேர்க்கும். அதில் வாலில் சேரும் எடை ஈர்ப்பு மையத்தைப் பின்னால் தள்ளும், அதனால் மறுபடி எடை போட்டே ஆக வேண்டும். வாலில் இருந்து மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், அய்லிரான் ஆகியவற்றின் சமநிலையையும் மறுபடி பார்க்க வேண்டும். அய்லிரானின் முன்விளிம்புக்குள் ஒரு எஃகுக் குழாய் இருக்கிறது, எலிவேட்டரின் முனையில் ஈயம். கீலுக்குப் பின்னால் சேரும் எடையை ஈடுகட்டத்தான் அவை. பின்விளிம்பில் தடிமனாக பெயிண்ட் ஏறி அந்தச் சமநிலை கெட்டால் அதிவேகத்தில் ஃப்ளட்டர் வரக்கூடும். அந்த அதிர்வு பிடித்துக்கொண்டால் நொடிகளில் வால் பிய்ந்துபோகும். அழகுக்காகச் செய்கிற வேலை என்று பெயிண்டை எடுத்துக்கொள்ள முடியாது.

முதல் பறப்புக்கு முன் செய்தவற்றில் மிக முக்கியமானது எரிபொருள் ஓட்டச் சோதனை. மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று வாளியில் பிடித்து அளக்க வேண்டும். பம்ப் வைத்த அமைப்பில், டேக்-ஆஃபில் என்ஜின் குடிப்பதைப் போல 125 சதவீதமாவது வர வேண்டும். அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி 2012-ல் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. என்ஜின் சக்தி இழப்பும் கட்டுப்பாட்டை இழப்பதும்தான் விபத்துகளில் முன்னால் நின்றன, அவற்றில் கணிசமானவை விமானத்தின் ஆரம்பப் பறப்புகளிலேயே நடந்தவை. அமெரிக்க விதிப்படி சான்றிதழ் பெற்ற என்ஜினும் ப்ரொப்பெல்லரும் சேர்ந்த ஜோடி என்றால் 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம் சோதனைப் பறப்பாக ஓட்ட வேண்டும் என்பதே வழக்கமாக இருந்துவந்தது. அந்த மணி நேரத்தைக் கடமைக்காக ஓட்டித் தீர்க்காமல், ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டால் வேகம் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம்) என்ன, எந்த வேகத்தில் நன்றாக ஏறுகிறது, எடை கூடினால் எப்படி நடந்துகொள்கிறது என்று. அன்று எழுதிய எண்கள்தான் இன்றும் எனக்குக் கையேடு.

இனி வருடங்கள். என்ஜினுக்குப் பறக்காமல் நிற்பதுதான் பறப்பதைவிடக் கெடுதல். லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. நின்றுபோனால் அதன் மேலிருக்கும் ஆயில் வடிந்துவிடும், வெறும் எஃகு ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். 30 நாட்களுக்குள் ஒருமுறையாவது, ஆயில் வெப்பம் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்கிறது நிறுவனம். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி அணைப்பது உதவாது. எரிவதில் பிறக்கும் நீர் ஆவியாகிப் போகும் அளவுக்கு ஆயில் சூடாவதே இல்லை, உள்ளே ஈரத்தைக் கூட்டிவிட்டு நிறுத்துகிறோம். வேலை, மழை என்று தள்ளிப்போகும் மாதங்களில் இதுதான் எனக்குப் பெரிய கவலை.

50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றம். பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பார்க்கிறேன். உலோகத் துகள் மின்னினால் காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும், ஒட்டினால் எஃகு. வருடாந்திரச் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி கம்ப்ரெஷன் சோதனை. சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பது. எண்ணைவிடக் காதுக்குக் கேட்பது அதிகம் சொல்லும். எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்.

உடல் பகுதி வியக்கத்தக்க அளவு பராமரிப்பே கேட்காமல் கிடக்கிறது. தளர்ந்த ரிவெட்டின் தலைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கறை வழியும், அதைத் தேடிப் பார்ப்பேன். தேய்ந்தவை எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவைதான்: டயர், பிரேக் பட்டை, மூக்குச் சக்கரத்தின் ஃபோர்க்கில் குறையும் இறுக்கம். அந்த இறுக்கம் குறைந்தால் ஓடுபாதையில் மூக்கு உதறும். ரப்பர் ஹோஸ்களை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடுகிறேன்.

வேறொருவர் கட்டியதை வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில், கட்டியவருக்கு அந்த ஒரு விமானத்தின் வருடாந்திரச் சோதனையைத் தானே செய்துகொள்ளச் சான்றிதழ் கிடைக்கும். விமானத்தோடு அது கைமாறாது. இரண்டாவது உரிமையாளர் அந்தச் சோதனைக்கு உரிமம் பெற்ற மெக்கானிக்கைத்தான் நாட வேண்டும் என்பதே வழக்கமாக இருந்துவந்தது. பார்க்கப் போகும்போது பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் கவுலிங்கைக் கழற்றச் சொல்லுங்கள். வண்ணக் கோடுகள் இருக்கின்றனவா, எஃகுக் குழாயில் பிளாஸ்டிக் டை தொங்குகிறதா, பட்டையின் கருப்புத் தடம் விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்டுக்கு முன்னும் பின்னும் போட்ட எடைத் தாள்கள் இரண்டையும் கேளுங்கள். கட்டும்போது எடுத்த படங்களையும் கேளுங்கள், அதிலும் மூடிய பிறகு கண்ணில் படாத இடங்களின் படங்களை முதலில் கேளுங்கள்.