ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கோ, மச்சான்

குடியாத்தத்திலிருந்து அத்தை மகன் போன் போட்டுக் கேட்டான்: "மழை பார்க்க நீ எத வெச்சிருக்க மச்சான்? காசு கட்டாம கெடைக்கிறதுல எது தேறும்?" அவனும் இந்த வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருக்கிறான். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாலு வருஷமாக நான் விடாமல் பார்ப்பது, மழை மேகம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ரேடார் படம். எனக்கு வேலை காட்பாடியில். நிலம் ஒடுகத்தூர் பக்கம், அப்பா பார்த்துக்கொள்கிறார். சித்திரைப் பட்டத்துக் கடலையை ஆவணியில் பிடுங்குவோம், சாயங்கால இடிமழையும் அந்த மாதம்தான் வரும். டிவியில் "வட உள்மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்" என்கிறார்கள். அந்த ஓரிரு இடத்தில் எங்கள் களம் உண்டா என்பதுதானே எங்களுக்குத் தெரிய வேண்டும்! ரேடார் அதைக் காட்டுகிறது. வாணியம்பாடிக்கு மேற்கே பச்சையாக ஒரு புள்ளி முளைக்கும், மேகம் வலுக்க வலுக்க நடுவில் மஞ்சளாகும், சிவக்கும், கிழக்கே நகரும். அடுத்தடுத்த இரண்டு படங்களை வைத்து அது நகர்ந்த தூரத்தைப் பார்த்தால் ஆம்பூருக்கு எப்போது, நமக்கு எப்போது என்று கணக்குப் போடலாம். முதல்முறை அந்தக் கணக்கு பலித்து, அப்பா தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடித்ததும் தூறல் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சிவப்பு நம் தலைக்கு மேலேயே இருக்கும், கீழே ஒரு சொட்டு விழாது. அப்படியும் நடக்கும். சென்னை ரேடாருக்கும் எங்கள் ஊருக்கும் நேர்க்கோட்டில் 150 கிலோமீட்டருக்கு மேல். ரேடார் அனுப்பும் அலைக்கற்றை லேசாக மேல்நோக்கிப் போகிறது, பூமியோ வளைந்து கீழே இறங்குகிறது. அது அரை டிகிரி சாய்வில் கிளம்பினாலும் இங்கே வரும்போது தரையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் போய்விடும். அங்கே இருக்கும் துளி கீழே வருவதற்குள் காற்றிலேயே உலர்ந்துபோகலாம். இது புரிந்தபிறகு எனக்கு அதன்மேல் கோபம் இல்லை.

கோபமெல்லாம் படத்தில் போட்டிருக்கும் நேரத்தின் மேல்தான். நான் பார்க்கும் இணையப் பக்கத்தில் படத்தின் ஓரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் (UTC). நம் நேரம் வேண்டுமென்றால் 5:30 கூட்ட வேண்டும். உலகம் முழுக்க ஒரே கடிகாரத்தில் அளந்தால்தான் வானிலைக் கணக்கு ஒத்துவரும், அது நியாயம். ஆனால் களத்தில் நிற்கிறவருக்கு? போன வாரம் சாயங்காலம் 4:45-க்கு அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். ஆம்பூருக்கு மேற்கே நல்ல சிவப்பு. ஓரத்தில் 11:10. அப்பா அதைக் காலை மேகம், எப்போதோ போய்விட்டது என்று நினைத்துக் கடலையைக் காயவிட்டுவிட்டார். ஐந்தரைக்குக் கொட்டித் தீர்த்தது. ஆறு மூட்டை நனைந்தது. சரியாகக் காயாத கடலையில் பூஞ்சணம் பிடித்தால் நஞ்சு சேரும், வியாபாரி தொடமாட்டார், நாமும் தின்னக்கூடாது. நேரத்தை மாற்றி எழுதி அனுப்பாதது என் தப்பு. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

காசு கட்டாமல் கிடைக்கும் மற்ற அரசுச் சேவைகள்: இடிக்கு 'தாமினி' வைத்துக்கொள். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் செயலி அது. நம்மைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் விழுந்த மின்னலைக் காட்டும். அப்பா கிணற்று மேட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்புவது அதைப் பார்த்துத்தான். பட்டா, சிட்டாவுக்கு அரசின் இணையச் சேவை போதும், தாலுகா ஆபீசுக்கு அலைந்த காலம் போச்சு. தேசிய நில அதிர்வு மையத்தின் பக்கத்தையும் குறித்துவை. 2021 நவம்பர் 29 விடியற்காலை பேரணாம்பட்டுப் பக்கம் பாத்திரம் ஆடியதே, அது 3.6 அளவு என்று அங்கேதான் பார்த்தேன்.

உனக்கு ரேடார் வேண்டுமா என்று கேட்டால், இவ்வளவு புகழ்ந்தாலும், கடலை காய்கிற மாதத்தில் வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். தாமினியை மட்டும் ஏற்றிக்கொள். படத்தை நான் பார்த்து, நம்ம நேரத்தில் போன் பண்ணிச் சொல்கிறேன். மூன்று மணிக்கு மேல் போனை சைலண்டில் போடாதே.