சிறு சர்வருக்கு எந்த லினக்ஸ்? டெபியன், ஆல்பைன், எஸ்எம்இ சர்வர்: உதவி கிடைக்கும் விதத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஒற்றைக் கணினியில் மின்னஞ்சல், கோப்புப் பகிர்வு, ஓர் இணையதளம் ஆகியவற்றை இயக்க விரும்புபவர், லினக்ஸ் வழங்கலை, அதாவது மென்பொருள்களோடு தொகுத்துத் தரப்படும் லினக்ஸ் இயங்குதளத்தை, தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது அது எவ்வளவு வட்டு இடத்தை அடைக்கும், எவ்வளவு நினைவகம் கேட்கும் என்பதைத்தான். ஓராண்டு கழித்து அவரிடமே கருத்துக் கேட்டால் பேச்சு வேறு திசையில் போகிறது. மேம்படுத்தலுக்குப் பின் மின்னஞ்சல் நின்றுபோனபோது யாரிடம் கேட்டார், பதில் எவ்வளவு விரைவில் வந்தது, வந்த பதில் தம் கணினிக்குப் பொருந்தியதா என்பவையே அவர் நினைவில் நிற்கின்றன. சிறு சர்வர்களுக்காகப் பரிந்துரைக்கப்படும் டெபியன், ஆல்பைன், எஸ்எம்இ சர்வர் ஆகிய மூன்றையும் அந்தக் கோணத்திலிருந்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

மூன்றின் பிறப்பும் வெவ்வேறு நோக்கங்களைக் கொண்டது. டெபியன், 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய பொதுப் பயன்பாட்டு வழங்கல். ஆல்பைன், ரூட்டர் போன்ற சிறு கருவிகளுக்கான லீஃப் திட்டத்திலிருந்து கிளைத்து 2005-இல் வெளிவந்தது. எஸ்எம்இ சர்வர், கனடாவின் ஒட்டாவாவில் 1999-இல் இ-ஸ்மித் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. லினக்ஸ் தெரியாத சிறு அலுவலகம்கூடத் தன் சர்வரைத் தானே நிர்வகிக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள்.

அந்தக் குறிக்கோளில் எஸ்எம்இ சர்வர் பெரும்பாலும் வெற்றி பெற்றது என்றே சொல்வேன். குறுந்தகட்டிலிருந்து நிறுவி, சில கேள்விகளுக்கு விடையளித்தால், கோப்புப் பகிர்வு, மின்னஞ்சல், இணையதளம், தீயரண் எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து இயங்கத் தொடங்குகின்றன. புதிய பயனரைச் சேர்ப்பது, கடவுச்சொல்லை மாற்றுவது போன்ற அன்றாட வேலைகளை உலாவியிலேயே முடித்துவிடலாம். ஆனால் அதைப் பற்றிய புகார்களுள் அடிக்கடி எழுவதும் இந்த வசதியிலிருந்தே பிறக்கிறது. அமைவுக் கோப்புகள் பெரும்பாலும் டெம்ப்ளேட்டுகள் எனும் வார்ப்புருக்களிலிருந்து உருவாக்கப்படுவதால், பொதுவான லினக்ஸ் வழிகாட்டி ஒன்றைப் படித்து அப்பாச்சி என்ற இணையதள மென்பொருளின் அமைவுக் கோப்பை நேரடியாகத் திருத்துபவரின் மாற்றம், அந்தக் கோப்பு அடுத்த முறை உருவாக்கப்படும்போது சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். மாற்றத்தைத் தனிப்பயன் டெம்ப்ளேட் துண்டாக எழுதி, பிறகு அதிலிருந்து அமைவுக் கோப்பை மீண்டும் உருவாக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லக்கூடியவர்கள் எஸ்எம்இ சமூகத்தினர் மட்டுமே. உலகெங்கும் குவிந்து கிடக்கும் பொதுவான லினக்ஸ் அறிவு அவருக்கு இங்கே பாதி அளவுதான் பயன்படும்.

அந்தச் சமூகம் மிகச் சிறியது. அதனாலேயே அங்கு கிடைக்கும் பதிலுக்கு ஒரு தனித் தரம் உண்டு: பல வேளைகளில் பதில் சொல்பவர், கேள்விக்குரிய நிரலைத் தாமே பராமரிப்பவராக இருக்கிறார், கேட்பவரிடம் பொறுமையாக ஒவ்வொரு கட்டளையின் விளைவையும் கேட்டு, குறை தம் நிரலில் இருந்தால் திருத்தத்தையும் வெளியிடுகிறார். பெரிய வழங்கல்களின் பயனர்களுக்கு இத்தகைய நெருக்கம் எளிதில் வாய்ப்பதில்லை. அதே பதிலாளர் வேறு வேலையில் மூழ்கினாலோ விலகினாலோ அவர் இடத்தை நிரப்ப ஆள் இருப்பதில்லை என்பது இதன் மறுபக்கம். அந்த நெருக்கத்தை நான் உண்மையாகவே மதிக்கிறேன். ஒரு தொழிலின் கணக்குகளையும் கடிதங்களையும் அதன்மேல் ஏற்றிவைக்கலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

ஆல்பைனுக்கு வருவோம். வட்டில் நிறுவினால் ஏறத்தாழ 130 எம்பி இடம் மட்டுமே எடுத்துக்கொள்ளும் இந்த வழங்கல், கன்டெய்னர்களின் (ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு தனித்து இயக்கும் பொட்டலங்களின்) அடித்தளமாக உலகெங்கும் பரவியிருக்கிறது. அடிப்படைக் கட்டளைகளில் ஜிஎன்யூ கருவிகளுக்குப் பதிலாக பிஸிபாக்ஸ், நிரல்கள் சார்ந்திருக்கும் சி நூலகத்தில் ஜிலிப்சிக்குப் பதிலாக மசல், சேவைகளைத் தொடங்கி நிறுத்துவதில் சிஸ்டம்டிக்குப் பதிலாக ஓப்பன்ஆர்சி என்று ஒவ்வோர் அடுக்கிலும் சிறிய மாற்றைத் தேர்ந்தெடுத்ததே இந்தச் சிறிய அளவுக்குக் காரணம். உதவி தேடுபவர் தடுக்கி விழும் இடமும் இதுவே. வழக்கமான வழிகாட்டி சொல்லும், சிஸ்டம்டியைச் சேர்ந்த சிஸ்டம்சிடிஎல் கட்டளை இங்கே இல்லை. பாஷ் என்ற வழக்கமான கட்டளை இடைமுகம் முன்கூட்டியே நிறுவப்பட்டிருப்பதில்லை. பிஸிபாக்ஸ் கருவிகள், ஜிஎன்யூ கருவிகளின் எல்லாத் தெரிவுகளையும் ஏற்பதில்லை.

இவற்றை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். மசல் நூலகத்தால் வரும் சிக்கல் அவ்வளவு எளிதல்ல. 2023-இல் வெளியான மசல் 1.2.4 வரும்வரை, இணையப் பெயரை எண் முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸின் விடை, யுடிபி என்ற எளிய அனுப்பு முறையில் துண்டிக்கப்பட்டு வந்திருந்தால், டிசிபி என்ற உறுதியான முறையில் மீண்டும் கேட்கும் திறன் அதனிடம் இருக்கவில்லை. ஆகவே மற்ற கணினிகளில் எல்லாம் சரியாகக் கிடைத்த ஒரு முகவரி, ஆல்பைனில் மட்டும் கிடைக்காமல் போகும் நிலை சிலருக்கு ஏற்பட்டது. இத்தகைய நேரங்களில், மென்பொருளை எழுதியவர்கள் தாங்கள் மசலில் சோதிப்பதில்லை என்கிறார்கள். மசலின் தரப்போ, தங்கள் நடத்தை தரநிலைக்கு உட்பட்டதே என்கிறது. இரண்டும் பொய்யில்லை, ஆனால் இரண்டுக்கும் நடுவில் நிற்பவரின் சர்வர் நின்றபடியே இருக்கிறது. ஆல்பைனைப் பற்றிய பயனர் கருத்துகள் பெரும் பாராட்டாகவும் பெரும் சலிப்பாகவும் பிரிந்து கிடப்பதற்கு, இந்த அனுபவம் யாருக்கு நேர்ந்தது, யாருக்கு நேரவில்லை என்பதே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

பயன்படுத்தத் தொடங்கிய நாட்களில், ஆல்பைனை நினைவகத்திலிருந்தே இயங்கும் முறையில் நிறுவி, தீயரண் விதிகளை மணிக்கணக்கில் எழுதி முடித்தேன்; கணினியை மறுபடி இயக்கியபோது அவை எல்லாம் அழிந்திருந்தன. மாற்றங்களை எல்பியூ கமிட் கட்டளையால் சேமிக்க வேண்டும் என்று ஆல்பைனின் விக்கியில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த விக்கி சுருக்கமானது, சரியானது. ஆனால் படிப்பவருக்கு அடிப்படை ஏற்கெனவே தெரியும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. ஆல்பைன் சமூகத்தின் குணமும் அதுவே: அறிந்தவருக்கு விரைவான, துல்லியமான உதவி, புதியவருக்கு நீண்ட விளக்கம் அரிது.

டெபியனைப் பற்றிச் சொல்ல வியப்பானது அதிகமில்லை. அதன் சிறப்பே அதுதான். டெபியன் 12-இன் களஞ்சியத்தில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகள்) உள்ளன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு நிலைப் பதிப்பும் மூன்று ஆண்டுகள் முழு ஆதரவையும், அதற்குமேல் இரண்டு ஆண்டுகள் நீட்டித்த ஆதரவையும் பெறுகிறது. பொதிகளின் பதிப்புகள் பழையவை என்ற குறை உண்மையே, ஆயினும் தனியாளாக நிர்வகிப்பவருக்கு அது குறையைவிட நிம்மதியையே தருகிறது. டெபியன் சமூகத்தில் புதியவரின் கேள்விக்குக் கையேட்டைச் சுட்டிக்காட்டும் சுருக்கமான பதில் வருவது உண்டு. வழுவை மின்னஞ்சல் வழியே தெரிவிக்கும் முறையும் பலருக்குப் பழக்கமில்லாதது. இருந்தாலும் கேள்வியே கேட்கத் தேவையில்லாத நிலை இங்கேதான் அதிகம். நேரும் சிக்கல் வேறொருவருக்கு முன்பே நேர்ந்து, தீர்வும் எழுதப்பட்டிருக்கும். டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டுவுக்காக எழுதப்பட்டவற்றிலும் பெரும்பகுதி பொருந்தும்.

இந்தப் பெருஞ்சேமிப்புக்கும் ஓர் ஆபத்து உண்டு: பழைய பதில்கள் காலாவதியானபின்பும் முன்னால் வந்து நிற்கின்றன. டெபியன் 12-இல், கணினியின் நிகழ்வுப் பதிவுகளைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படாததால், சிஸ்லாக் கோப்பைப் பார்க்கச் சொல்லும் எண்ணற்ற பதில்கள் புதிய கணினியில் பயனற்றுப் போயின. அந்தப் பதிவுகளைக் காண ஜர்னல்சிடிஎல் கட்டளையைத்தான் நாட வேண்டும். பைத்தான் பொதிகளை பிப் என்ற நிறுவும் கருவி கொண்டு கணினி முழுவதற்கும் நிறுவும் பழைய அறிவுரையையும் அதே பதிப்பு மறுத்துவிடுகிறது. ஒவ்வொரு பதிப்போடும் வரும் வெளியீட்டுக் குறிப்புகளை முழுமையாகப் படிப்பவருக்கு இந்த ஏமாற்றம் நேராது.

இறுதியாக, ஒரு சமூகம் எதன் மேல் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எஸ்எம்இ சர்வரை 2001-இல் மைடெல் நிறுவனம் வாங்கியது. பின்னர் அது கை மாறி, இப்போது கூஸாலி என்ற அமைப்பின் கீழ் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. அதன் 10-ஆம் பதிப்பு சென்ட்ஓஎஸ் 7 என்ற வேறொரு லினக்ஸ் வழங்கலின் மேல் கட்டப்பட்டது. அந்த அடித்தளத்தின் ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தபோது, சில கைகளே உள்ள குழு, முழு அமைப்பையும் வேறோர் அடித்தளத்துக்கு நகர்த்தும் சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. ஆல்பைனும் இந்த நிச்சயமின்மையிலிருந்து தப்பவில்லை: அதன் சர்வர்களுக்கு இடமளித்த எக்வினிக்ஸ் மெட்டல் சேவை மூடப்படவிருந்ததால், 2025 ஜனவரியில் அது வெளிப்படையாக ஆதரவு கோரியது. டெபியன் மட்டுமே எந்த ஒரு நிறுவனத்தின் முடிவையும் சாராமல், வேறொரு வழங்கலின் மேல் அமராமல் நிற்கிறது.

ஆகவே தனியாளாக ஒரு சர்வரைப் பல ஆண்டுகள் நடத்த இருப்பவருக்கு நான் டெபியனையே பரிந்துரைக்கிறேன். கன்டெய்னர், தீயரண் போன்ற ஒற்றை நோக்கக் கருவிகளுக்கு ஆல்பைன் மிகவும் பொருந்தும். ஆனால் அதன் முதன்மைக் களஞ்சியம் இரண்டு ஆண்டுகள் ஆதரிக்கப்படுகையில், சமூகக் களஞ்சியம் அடுத்த பதிப்பு வரும் ஆறு மாதம் வரை மட்டுமே ஆதரிக்கப்படுவதால், தமக்குத் தேவையான பொதி எதில் இருக்கிறது என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். நிர்வாகி இல்லாத அலுவலகத்துக்கு எஸ்எம்இ சர்வரின் எளிமைக்கு நிகரானதை மற்ற இரண்டும் தருவதில்லை. அதைத் தேர்ந்தெடுப்பவர், நிறுவும் நாளிலேயே காப்புநகலை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்துவிடட்டும். அதன் 9-இலிருந்து 10-க்கு மாறியவர்கள் அந்தக் காப்புநகல் வழியாகத்தான் மாற வேண்டியிருந்தது.