ஈஸ்ட்ரியால் கிரீம்: மருந்தின் மேல் குறையில்லை, குழலின் மேல்தான்

மாதவிடாய் நின்ற பிறகு வரும் பிறப்புறுப்பு எரிச்சலுக்கும் வலிக்கும் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஈஸ்ட்ரியால் கிரீமை வாங்கலாமா என்று குன்னூரில் இருக்கும் தோழி கேட்டிருக்கிறார். 0.1 சதவீத கிரீம், 15 கிராம் டியூப், இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை என்ற விவரமெல்லாம் சீட்டிலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவதே முறை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பேருந்தில், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்து உடம்பைச் சற்றே தூக்கிக்கொண்டு, பர்லியாறு எப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், இப்போது கோவை வரை சாய்ந்து தூங்கிக்கொண்டே போகிறேன். அடிக்கடி வந்துகொண்டிருந்த நீர்க்கடுப்பும், அதற்காக விழுங்கிய ஆன்டிபயாடிக்கும் நின்றுவிட்டன. இது என் ஒருத்தியின் அதிர்ஷ்டமும் அல்ல. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் (ஈஸ்ட்ரியால் அதில் ஒரு வகை) குறையும்போது யோனியின் உட்சவ்வு மெலிகிறது. அங்கு வாழும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து அமிலத்தன்மை போய்விடுவதால், சிறுநீர்த் தொற்றுக் கிருமிகளுக்கு அது வசதியான இடமாகிவிடுகிறது. திரும்பத் திரும்பத் தொற்று வந்த பெண்களிடம் இதே ஈஸ்ட்ரியால் கிரீமை வைத்து நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தில்லாத போலிக் கிரீம் பயன்படுத்தியவர்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 முறை வந்த தொற்று, ஈஸ்ட்ரியால் கிரீம் பயன்படுத்தியவர்களிடம் 0.5 ஆகவே இருந்தது.

ஆனால் இது தைலம் அல்ல. தலைவலியோ மூட்டுவலியோ, நீலகிரித் தைலத்தைத் தேய்த்துக் கால்மணியில் குணம் பார்த்துப் பழகிய நமக்கு இதன் நிதானம் பொறுமையைச் சோதிக்கும். சவ்வு மீண்டும் தடிப்பதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மெலிந்த தோலில் கிரீம் படும்போதே சுருக்கென்று எரியலாம். எனக்கு எரிந்தது. தேங்காய் எண்ணெயே போதும் என்று சொல்லும் அக்காமார்கள் இருக்கிறார்கள். அது வறட்சியைத் தணிக்குமே தவிர, மெலிந்ததைத் திரும்பக் கொண்டுவராது.

இனி, கிரீமை உள்ளே செலுத்துவதற்காக டியூபோடு தரும் அந்தப் பிளாஸ்டிக் குழல். டியூபின் வாயில் அதைத் திருகி, கோடு வரை கிரீம் ஏறும்படி அழுத்தி, கழற்றி, உள்ளே வைத்துத் தண்டைத் தள்ள வேண்டும் என்பது கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. சமவெளியில் எளிதாகவும் இருக்கலாம். தேங்காய் எண்ணெய் ஆண்டின் பெரும்பகுதி கட்டியாகவே இருக்கும் ஊரில், உறைபனி விழும் சனவரி இரவில், இந்தக் கிரீம் டியூபை விட்டு வருவதற்கே மனமில்லாமல் நிற்கிறது. வலுவாக அழுத்தினால் புழுப்போல் சுருண்டு ஏறி, நடுவில் காற்று அடைத்துக்கொள்கிறது. தண்டு கோட்டைத் தொட்டாலும் ஒரு வேளைக்கு வேண்டிய அரை கிராம் உள்ளே போயிருக்காது. டியூபைக் கம்பளிக்குள் உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்தால் இளகுகிறது என்பது நானே கண்டுகொண்ட வழி. முடிந்த பிறகு தண்டை உருவி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும்; கொதிநீர் ஆகாது, குழாய்த் தண்ணீரில் கை விறைத்துவிடும், ஆகவே இரவு பத்து மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்காக அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருக்கிறது. இப்படிக் கழுவிக் கழுவி அளவுக் கோடு மங்கிப்போனது. போன மாதம் குழலின் கழுத்தில் விரிசலும் விட்டது. குழல் மட்டும் தனியாக வராது, புது டியூபாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் மருந்துக்கடைக்காரர், வழக்கம்போல் தாளில் சுற்றிக் கண்ணைப் பார்க்காமல் நீட்டியபடி.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விவரத் தாளாவது உதவுமா என்றால், மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் என்று அச்சுறுத்துவதிலேயே அதன் இடம் தீர்ந்துவிடுகிறது. அந்த அச்சம் பெரும்பாலும் 2002இல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அதில் கொடுத்தது வாய்வழி விழுங்கும் ஹார்மோன் மாத்திரைகள், இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும் இந்தக் கிரீம் அல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடவே கூடாது என்பது மெய்தான். ஆனால் குளிரில் கிரீம் இறுகினால் என்ன செய்வது என்பதற்கு அவ்வளவு பெரிய தாளில் ஒரு வரிகூட இல்லை.

மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஆனாலும் வாங்கலாமா என்று கேட்டால், விரிசல் விட்ட குழலைக் கையில் வைத்திருக்கும் இன்றைக்கு, வேண்டாம் என்றுதான் சொல்ல வருகிறது. இதே வேலையைச் செய்யும் ஈஸ்ட்ரடையால் யோனி மாத்திரையும் உண்டு. அதில் அளக்கும் தொல்லை இல்லை. அது தனக்குப் பொருந்துமா என்று தோழி முதலில் மருத்துவரிடம் கேட்கட்டும். பொருந்தாது என்றால் இந்தக் கிரீமையே வாங்கட்டும், ஆனால் மார்கழியில் தொடங்க வேண்டாம்.